கரிசல் மனையில் வீடு: வானம் தோண்டும் முன் முடிவு செய்ய வேண்டியவை

கேள்வி: கோவில்பட்டிக்கு வெளியே, ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவில் எங்களுக்கு 4½ சென்ட் இடம் இருக்கிறது. கிழக்குப் பார்த்த மனை. 35 அடி அகலம், 56 அடி நீளம். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. ஓய்வு பெற ஐந்து ஆண்டுகள் உள்ளன. கையில் 14 லட்சம் ரூபாய் இருக்கிறது. 18 லட்சம் வங்கிக் கடன் வாங்கலாம் என்று நினைக்கிறோம். 1,150 சதுர அடியில் இரண்டு படுக்கையறை கொண்ட வீடு கட்ட, சதுர அடிக்கு 2,300 ரூபாய் என்று மேஸ்திரி கேட்கிறார். அடுத்த தெருவில் கட்டி மூன்று ஆண்டுகூட ஆகாத வீட்டில் சுவரெல்லாம் விரிசல். “நாலடி வானம் (கடைக்காலுக்கான பள்ளம்) தோண்டி, அடியில் மணல் கொட்டி, மேலே பெல்ட் (சுவர் நெடுக ஓடும் கம்பி கட்டிய காங்கிரீட் பட்டை) போட்டால் ஒன்றும் ஆகாது, மண் பரிசோதனையெல்லாம் அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்குத்தான்” என்கிறார் மேஸ்திரி. தை மாத வாஸ்து நாளில் வேலையைத் தொடங்க விரும்புகிறோம். மனையின் வடகிழக்கு மூலையில் நிற்கும் வேப்பமரத்தை வெட்ட மனமில்லை. பிற்காலத்தில் மகனுக்காக மாடி எடுக்கும் எண்ணமும் உண்டு. எதை முதலில் செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

மண் பரிசோதனை அறிக்கை கைக்கு வரும்வரை எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாதீர்கள், முன்பணமும் கொடுக்காதீர்கள். உங்கள் கடிதம் ஆவணி மாதத்தில் வந்திருப்பதால், தைக்கு முன் இதற்கு வேண்டிய அவகாசம் தாராளமாக இருக்கிறது. உங்கள் மேஸ்திரி திறமையானவராகவே இருக்கலாம். ஆனால், செம்மண் நிலத்தில் பல்லாண்டு பழகிய முறையைக் கரிசலிலும் அப்படியே செய்யலாம் என்று அவர் எண்ணுவதாகத் தெரிகிறது. பரிசோதனை அடுக்குமாடிக்குத்தான் என்ற அவர் கருத்துக்கு நேர் எதிரானது உண்மை: கரிசலில் கனமான கட்டடத்தைவிட ஒற்றைத் தள வீட்டுக்கும் சுற்றுச்சுவருக்கும்தான் ஆபத்து அதிகம். ஏனென்று சொல்கிறேன்.

கரிசல் மண்ணில் மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் மிகுதி. அதன் நுண்ணிய தகடுகளுக்கு இடையே நீர் புகுந்தால் மண் ஊதுகிறது. நீர் வெளியேறினால் சுருங்குகிறது. சித்திரையில் உங்கள் மனையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருப்பதையும், ஐப்பசி மழையில் அதே வெடிப்பு தடயமின்றி மூடிக்கொள்வதையும் நீங்கள் ஆண்டுதோறும் பார்த்திருப்பீர்கள். ஊதும்போது மண் மேல்நோக்கித் தள்ளும் விசை, ஒற்றைத் தள வீட்டின் சுவர் கீழ்நோக்கிக் கொடுக்கும் பாரத்தைவிட அதிகமாகிவிடக்கூடும். அப்போது கடைக்காலே தூக்கப்படுகிறது. அதுவும் வீடு முழுவதும் ஒரே சீராகத் தூக்கப்பட்டால் கேடில்லை. வெளிச்சுவரின் அடிமண் மழைக்கு நனைந்தும் வெயிலுக்குக் காய்ந்தும் மாறிக்கொண்டிருக்க, கூடத்தின் அடியில் உள்ள மண் நிழலில் ஏறத்தாழ ஒரே ஈரத்தோடு இருக்கிறது. ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் இறங்கும் இந்த வேறுபாட்டைத்தான் செங்கல் சுவரால் தாங்க முடிவதில்லை.

அடுத்த தெரு வீட்டுக்காரர் அனுமதித்தால் ஒரு முறை போய்ப் பாருங்கள். விரிசல்கள் சன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பியிருந்து, கோடையில் அகன்று மழைக்காலத்தில் ஒடுங்குவதாக அவர் சொன்னால், காரணம் மண்ணின் அசைவுதான் என்று பெரும்பாலும் உறுதியாகக் கொள்ளலாம். அப்படியின்றிச் சிலந்தி வலைபோல மேற்பூச்சில் மட்டும் மெல்லிய கோடுகள் ஓடினால், அது பூச்சு வேலையின் குறையாக இருக்கக்கூடும். அந்த வீட்டின் வானம் எவ்வளவு ஆழம், கழிவுத் தொட்டி எங்கே இருக்கிறது, தளத்துக்கு அடியில் எந்த மண்ணைப் போட்டு நிரப்பினார்கள் என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பொறியாளருக்கு அது பயன்படும்.

மண் பரிசோதனையில் நாம் கேட்பது இரண்டே செய்திகள்: இந்த மண் எவ்வளவு ஊதும், இதற்குக் கீழே உறுதியான அடுக்கு எத்தனை அடியில் இருக்கிறது. முதலாவதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. காய வைத்துச் சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராமாக எடுத்து, ஒன்றை வாலை வடிநீரிலும் மற்றொன்றை மண்ணெண்ணெயிலும், அளவுக் குழாய்களில் 24 மணி நேரம் ஊற விடுவார்கள். மண்ணெண்ணெயில் களிமண் ஊதாது. எண்ணெயில் 10 மில்லி லிட்டரில் படிந்த மண் நீரில் 18 மில்லி லிட்டராக நின்றால், ஊதும் அளவு 80 சதவீதம் என்று பொருள். 50 சதவீதத்துக்குக் குறைவானால் மண் ஓரளவு சாதுவானது. 100-ஐத் தாண்டினால் சாதாரணக் கடைக்காலை மறந்துவிட வேண்டியதுதான். இரண்டாவது செய்திக்கு, வீடு வரப்போகும் பரப்புக்குள் எதிரெதிர் மூலைகளில் இரண்டு இடங்களிலாவது துளையிட்டுப் பார்க்க வேண்டும். கரிசல் பூமியில் ஒரு மனையில் ஐந்தடியில் தட்டுப்படும் சுக்கான் என்னும் இறுகிய சுண்ணாம்புக்கல் அடுக்கு, பக்கத்து மனையில் பன்னிரண்டு அடியிலும் தட்டுப்படாமல் போகலாம் என்பதால், அண்டை வீட்டுக்காரரின் அனுபவத்தை உங்கள் மனைக்கு அளவுகோலாக்க முடியாது. தனியார் ஆய்வகங்களும், பல பொறியியல் கல்லூரிகளின் கட்டடவியல் துறைகளும் இப்பரிசோதனையைச் செய்து தருகின்றன. அறிக்கையில் வெறும் தாங்குதிறன் எண்ணை மட்டும் எழுதித் தந்தால் ஏற்காதீர்கள்; ஊதும் அளவும், ஆழத்துக்கு ஆழம் மண் மாறும் விவரமும், எவ்வகைக் கடைக்கால் பரிந்துரைக்கப்படுகிறது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

அறிக்கையைப் பொறுத்து உங்களுக்கு முன் உள்ள வழிகள் இவைதாம். ஐந்து, ஆறு அடிக்குள் சுக்கானோ சரளையோ பாறையோ கிடைத்தால் அதுவே நல்வாய்ப்பு: பில்லர்களின் அடித்தளத்தை அந்த அடுக்கின்மேல் அமர்த்தி, மேலே பிளிந்த் பீமால், அதாவது தரைமட்டத்தை ஒட்டிச் சுவர்களுக்கு அடியில் ஓடும் காங்கிரீட் உத்தரத்தால், பிணைத்துவிடலாம். கரிசல் ஆழமாகப் போனால் அண்டர்ரீம் பைல் எனப்படும் முறையைத்தான் நான் பரிந்துரைப்பேன். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டுக் கரிசல் நிலங்களுக்கென்றே வளர்த்தெடுத்த முறை இது. சுமார் 10 முதல் 12 அங்குல விட்டமுள்ள துளையை ஆழமாக இறக்கி, அதன் அடிப்பகுதியை மட்டும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அகலமாகக் குடைந்து, கம்பிக் கூடு இறக்கிக் காங்கிரீட் நிரப்புவார்கள். ஆழமான கரிசலில் இதற்குக் குறைந்தபட்ச ஆழம் 3.5 மீட்டர், அதாவது பதினொன்றரை அடி, என்று இந்தியத் தர நிர்ணய விதி சொல்கிறது. பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறுவது பெரும்பாலும் அதற்கு மேலுள்ள மண்ணில்தான் என்பதே காரணம். மேல்மண் ஊதி இழுத்தாலும், அசையாத அடுக்கில் பூட்டப்பட்ட அந்த அடிக்குமிழ் வீட்டை மேலே எழவிடாது.

இம்முறையில் ஒரே ஓர் இடத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். பைல்களின் தலைகளை இணைக்கும் பீம் தரையில் படியக் கூடாது. பீமின் அடிக்கும் மண்ணுக்கும் இடையே குறைந்தது 80 மில்லிமீட்டர், அதாவது மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான வெற்றிடம் இருக்க வேண்டும். பீம் மண்மேல் நேரடியாக உட்கார்ந்தால், ஊதும் மண் பீமைத் தூக்கும். பைலுக்குச் செலவிட்ட பணம் அத்தனையும் வீண். ஆட்கள் வசதிக்காக மண்ணையே பலகையாக்கிப் பீம் வார்த்துவிடுவார்கள் என்பதால், அன்றைக்கு உங்கள் பொறியாளர் களத்தில் இருந்தே ஆக வேண்டும்.

கரிசலை வெட்டி எடுத்துவிட்டு, ஊதாத கிராவலை ஏறத்தாழ ஒரு மீட்டர் கனத்துக்கு அடுக்கடுக்காக இறுக்கி, அதன்மேல் கட்டும் முறையும் உண்டு. மும்பை ஐஐடியில் பேராசிரியர் கட்டி செய்த ஆய்வுகளின் வழியே பெயர் பெற்ற வழி அது. ஊதும் அளவு நடுத்தரமாக இருந்தால் அதையும் ஆலோசிக்கலாம். ஆனால் அதற்குரிய மண் களித்தன்மையும் பிடிப்பும் கொண்டதாகவும் ஊதாததாகவும் இருக்க வேண்டும். உங்கள் மேஸ்திரி சொல்லும் மணல் அந்த வேலையைச் செய்யாது. மணல் நீரைத் தடுக்காது. கரிசலுக்கு நடுவே வெட்டிய வானத்தில் மணலை நிரப்பினால், மழைநீர் அதற்குள் இறங்கி, வெளியேற வழியின்றித் தங்கி, கடைக்காலுக்கு அடியிலேயே மண்ணை மாதக்கணக்கில் ஊற வைக்கும். பெல்ட் போடுவது நல்லதே. ஆனால், நாலடிக் கடைக்காலோடு அதைப் போட்டால் விரிசல் இடம் மாறுமே தவிர வராமல் இருக்காது.

தளத்துக்கு அடியில் நிரப்பும் மண்ணைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வானம் தோண்டும்போது வெளியே எடுத்த கரிசல் மண்ணையே பேஸ்மட்டத்துக்குள், அதாவது வீட்டுத் தளத்தைத் தாங்கும் மேடைக்குள், தள்ளி நிரப்புவது நம் பகுதியில் பரவலாக நடக்கிறது. லாரிக் கூலி மிச்சமாகிறது அல்லவா. சுவர்கள் பைலின்மேல் அசையாமல் நிற்க, டைல்ஸ் போட்ட தளம் மட்டும் கூடத்தின் நடுவே மேடிட்டு, கதவுகள் தரையில் உரசும் வீடுகள் இப்படித்தான் உருவாகின்றன. எடுத்த கரிசலை மனையிலிருந்து அகற்ற வேண்டும் என்பதையும், கிராவல் கொண்டுதான் நிரப்ப வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதச் செய்யுங்கள். நிரப்பும்போது ஆறு முதல் ஒன்பது அங்குலத்துக்கு ஓர் அடுக்கு என்று போட்டு, லேசாக நனைத்துத் திமிசுக் கட்டையாலோ இயந்திரத்தாலோ இறுக்க வேண்டும். குழாயைத் திறந்துவிட்டு இரவு முழுவதும் தண்ணீர் கட்டி வைக்கும் பழக்கம் கரிசலில் அடிமண்ணையும் சேர்த்து ஊற வைத்துவிடும்.

இனித் தண்ணீர். கரிசல் மனையில் வீட்டுத் திட்டம் என்பதே, பாதிக்கு மேல், தண்ணீரை வீட்டைவிட்டு விலக்கி வைக்கும் திட்டம்தான். வரைபடத்தில் அறைகளைக் குறிப்பதற்கு முன்பே கழிவுத் தொட்டி, நீர்த்தொட்டி, குளியலறைக் குழாய்கள், மழைநீர் வழி ஆகியவற்றின் இடங்களைக் குறித்துவிடுங்கள். கழிவுத் தொட்டி பின்புற எல்லையோரமாக, சுவரிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி இருக்கட்டும். உறிஞ்சு குழி கரிசலில் சரியாக வேலை செய்யாது. களிமண் நீரை உள்ளே விடாமல் பக்கவாட்டில் பரப்பிவிடும். உங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இருக்கிறதா, வரவிருக்கிறதா என்பதை முதலில் விசாரியுங்கள். வீட்டைச் சுற்றி, வெளிப்புறமாகச் சரிவு கொடுத்து ஐந்தடி அகலத்துக்குத் தளம் போட்டால், சுவரோரத்து மண் நனைவதும் காய்வதும் வெகுவாகக் குறையும். அந்தத் தளத்தைச் சுவரோடு பிணைக்காமல் இடையே சிறு இடைவெளி விட்டுத் தார் கலவையால் அடைக்க வேண்டும். வாசற்படிகளுக்கும் போர்டிகோவுக்கும் இதே விதி பொருந்தும்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். அதை நான் மனமார வரவேற்பவன். ஆனால் சுவருக்கு மூன்றடியில் குழி வெட்டி ஜல்லி நிரப்பி மாடிநீரை அதில் விடும் வழக்கமான முறை, கரிசலில் கடைக்காலுக்கு நாமே தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். அதற்குப் பதில் மூடிய காங்கிரீட் தொட்டி ஒன்றைக் கட்டி நீரைச் சேமியுங்கள். 1,000 சதுர அடி மாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் மழைக்கு 93 லிட்டர் விழும். ஐந்து சென்டிமீட்டர் மழை ஒரே நாளில் பெய்தால், சேதாரம் போக மூவாயிரத்து எழுநூறு லிட்டர் அளவுக்குத் தேறும். கோவில்பட்டிப் பக்கம் அந்தத் தண்ணீரின் அருமையை நான் சொல்லத் தேவையில்லை. பத்தாயிரம் லிட்டர் தொட்டி உங்களுக்குப் போதும். செங்கல் தொட்டி வேண்டாம். கரிசலின் பக்கவாட்டு அழுத்தத்தில் அது வெடித்துக் கசியும்.

வேப்பமரத்துக்கு வருகிறேன். வளர்ந்த மரம் கோடையில் தன் வேர் பரவிய அளவுக்கு மண்ணின் ஈரத்தை உறிஞ்சி, அங்கே மட்டும் மண்ணை மிகுதியாகச் சுருங்கச் செய்கிறது. ஆழமற்ற கடைக்கால் உள்ள வீடு என்றால், மரம் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரமாவது தள்ளி நிற்க வேண்டும் என்பது பொதுவிதி. 35 அடி அகல மனையில் அதற்கு வழியே இல்லை. பைல் போட்டுக் கட்டுவதாக முடிவானால் மரத்தை வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூலையில் பைல்களின் ஆழத்தைப் பொறியாளர் சற்றுக் கூட்டிக்கொள்வார். நீங்களும் வீட்டை அங்கே இரண்டு மூன்றடி உள்வாங்கிக் கொள்ளுங்கள். வெட்டுவதே வழி என்ற நிலை வந்தால், வேலை தொடங்குவதற்கு முந்தைய வாரம் வெட்டக் கூடாது. மரம் போனதும், அது காய வைத்திருந்த மண் மெல்ல ஈரம் ஏறி ஊதத் தொடங்கும். எனவே இப்போதே வெட்டி, ஒரு மழைக்காலமாவது மண் நனைந்து அடங்க விட வேண்டும். பெரிய மரமானால் அந்த ஊதல் ஒரே மழையில் முடிந்துவிடாது என்பதாலும் நான் பைல் பக்கம்தான் சாய்வேன்.

பணக் கணக்கைப் பார்ப்போம். 1,150 சதுர அடிக்கு 2,300 ரூபாய் வீதம் 26,45,000 ரூபாய். உங்கள் 32 லட்சத்தில் ஐந்தரை லட்சம் மிஞ்சுவதுபோலத் தெரிகிறது. ஆனால் இவ்வகை ஒப்பந்தங்களில் ஆழ்துளைக் கிணறு, நீர்த்தொட்டி, கழிவுத் தொட்டி, சுற்றுச்சுவர், மின் இணைப்பு, அனுமதிக் கட்டணங்கள், அலமாரி வேலைகள் ஆகியவை வழக்கமாகச் சேராது. நாலடிக்கு மேற்பட்ட கடைக்கால் நிச்சயமாகச் சேராது. எனவே வீட்டை 1,000 சதுர அடிக்குள் அடக்குங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. அதே வீதத்தில் 23 லட்சம் ஆகும். மீதமுள்ள ஒன்பது லட்சத்தில் கடைக்காலின் கூடுதல் செலவும் வெளிவேலைகளும் போக, மூன்று லட்சத்தை எதற்கும் ஒதுக்காமல் கையிருப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். தனி உணவு அறையைக் கூடத்தோடு சேர்த்து, நடைபாதையை ஒழித்தாலே 150 சதுர அடி குறைந்துவிடும். மனையடி பார்ப்பவரானால் 10, 11, 16 அடி அளவுகளுக்குள்ளேயே இரண்டு படுக்கையறையும் கூடமும் நன்றாக அமையும். அந்த அளவு பூச்சு முடிந்த பின் உள்கூட்டு அளவா, பூசுவதற்கு முன்பா என்பதை வரைபடத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இரு பக்கப் பூச்சிலும் அரை அரை அங்குலம் போய், கிருகப்பிரவேச நேரத்தில் ஓர் அங்குலத்துக்காக மனக்கசப்பு ஏற்பட்ட வீடுகள் உண்டு.

வங்கிக் கடன் 30 லட்சத்துக்கு உட்பட்டதாக இருந்தால் மதிப்பில் 90 சதவீதம் வரை வழங்க ரிசர்வ் வங்கி விதி இடமளிக்கிறது. உங்களுக்கு 18 லட்சம் கிடைப்பதில் அந்த வகையில் தடையில்லை. மற்றபடி உங்கள் ஓய்வுக்குப் பின் தவணை எப்படிச் செல்லும் என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். வங்கி பணத்தை மொத்தமாகத் தராது; கட்டடம் எழுந்த நிலைக்கேற்பப் பகுதி பகுதியாகத்தான் விடுவிக்கும். செலவு மிகுந்த கடைக்கால் கட்டத்தை உங்கள் கைப்பணம்தான் தாண்ட வேண்டியிருக்கும். மேலும், வங்கிக்குக் கொடுக்கும் பொறியாளர் மதிப்பீட்டில் உண்மையான கடைக்கால் செலவு இடம்பெற்றிருக்க வேண்டும் என்பதால், மதிப்பீட்டையே மண் அறிக்கைக்குப் பிறகுதான் தயாரிக்க வேண்டும்.

பொருளும் கூலியும் சேர்த்து மேஸ்திரியிடம் ஒப்படைப்பதா, பொருளை நீங்கள் வாங்கிக் கூலிக்கு மட்டும் விடுவதா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆயினும் அந்தக் கேள்வி வரத்தான் போகிறது. பகலெல்லாம் பள்ளியில் இருக்கும் உங்களால் சிமெண்ட் மூட்டையையும் எம்-சாண்ட் யூனிட்டையும் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. எனவே பேஸ்மட்டத்துக்கு மேலே உள்ள வேலையைச் சதுர அடிக் கணக்கில் பொருளோடு விடுங்கள். பேஸ்மட்டம் வரையிலான வேலையைச் சதுர அடிக் கணக்கில் விடவே விடாதீர்கள். சதுர அடிக்கு விலை பேசிய பிறகு ஒவ்வொரு அடி ஆழமும் ஒப்பந்தக்காரருக்கு நட்டம். ஆழத்தைக் குறைக்கத்தான் அவர் மனம் போகும். பைலுக்கு மீட்டர் கணக்கு, கம்பிக்குக் கிலோ கணக்கு, காங்கிரீட்டுக்குக் கன அடிக் கணக்கு என்று செய்த வேலையை அளந்து கொடுக்கும் முறையே அங்கே நியாயமானது. மேஸ்திரியைச் சாராத ஒரு கட்டடப் பொறியாளரை, வரைபடத்துக்கு மட்டுமல்லாமல், பைல், பிளிந்த் பீம், லிண்டல் (கதவு, சன்னலுக்கு மேல் வரும் உத்தரம்), ரூஃப் ஆகிய கட்டங்களில் நேரில் வந்து பார்த்துக் கையொப்பமிடவும் அமர்த்துங்கள். முடிந்த வேலைக்குப் பணம் என்ற முறையில் தவணைகளை அமைத்து, கடைசித் தவணையாக ஒரு கணிசமான தொகையை ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்தி வைக்க ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள்.

அனுமதி பெறுவது இப்போது எளிதாகிவிட்டது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், தரைத்தளமோ தரைத்தளமும் முதல் தளமுமாகவோ 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, ஒற்றைச் சாளர இணையதளம் வழியே சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி வழங்கும் திட்டம் 2024 ஜூலையில் வந்தது. உங்கள் மனை சுமார் 1,960 சதுர அடிதான். அதிகாரிகள் வந்து பார்த்துத் திருத்தும் கட்டம் இல்லாததால், எல்லைகளும் விடவேண்டிய பக்க இடங்களும் சரியாக இருப்பது முழுக்க உங்கள் பொறுப்பு. பட்டா உட்பிரிவு உங்கள் பெயரில் இருப்பதைச் சரிபார்த்து, நில அளவரைக் கொண்டு கல் நாட்டி எல்லையை உறுதி செய்த பின்பே விண்ணப்பியுங்கள்.

தை 12 வாஸ்து நாளில் பூமி பூஜையைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். தோண்டும் வேலையை மட்டும் மாசியில் தொடங்குங்கள்; மாசி 22-லும் வாஸ்து நாள் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை வாங்கிய கரிசல் தையில் சேறாகவே இருக்கும். வண்டி இறங்காது, குழியின் ஓரம் சரியும். கோடையின் உச்சம் வரை தள்ளிப்போடுவதும் சரியல்ல. முற்றிலும் காய்ந்த மண்ணுக்கு ஊதும் வேட்கை அதிகம். தோண்டிய குழி எதையும் நாள்கணக்கில் திறந்து போடாமல், தோண்டத் தோண்டக் காங்கிரீட் நிரப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். இந்தக் கணக்கில் வைகாசியில் ரூஃப் வரும். அக்கினி வெயிலில் காங்கிரீட் போடுவதானால் விடியற்காலையில் தொடங்கி, முடித்த அன்றே ஈரச் சாக்கு மூடி, மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். ஆடிக் காற்றில் வெளிப்பூச்சு சீக்கிரம் காய்ந்து வெடிக்கும் என்பதால் அதை ஆவணியில் வைத்துக்கொண்டால், ஐப்பசி மழைக்கு முன் வீட்டைச் சுற்றிய தளம் உட்பட வெளிவேலை முடிந்துவிடும்.

தண்ணீரையும் பரிசோதித்துவிடுங்கள். உங்கள் பகுதி ஆழ்துளைக் கிணறுகளில் உப்பு மிகுதியாக இருப்பது வழக்கம்; கம்பி போட்ட காங்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கலவையில் 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் சேர்த்தால் காங்கிரீட்டின் வலிமை குறையும். கலவை இளக்கமாக ஓட வேண்டும் என்று ஆட்கள் குடம் குடமாக ஊற்றுவதை உங்கள் பொறியாளர் தடுக்க வேண்டும். கம்பி வரும் நாளில் ஒன்றை எடைக்கு வைத்துப் பாருங்கள்: 12 மீட்டர் நீளமுள்ள 12 மில்லிமீட்டர் கம்பி ஏறத்தாழ 10.66 கிலோவும், 8 மில்லிமீட்டர் கம்பி 4.74 கிலோவும் இருக்க வேண்டும். செங்கல் 24 மணி நேரம் நீரில் ஊறிய பின் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீர் குடித்தால் அந்தச் சூளையை மாற்றிவிடுங்கள்.

மாடி பற்றிய முடிவை இப்போதே எடுத்தாக வேண்டும். பைலின் எண்ணிக்கையும் பில்லரின் கம்பியும் அதைப் பொறுத்தவை. பிற்பாடு கூட்ட முடியாதவை இவை இரண்டும்தான்; சுவரையும் படிக்கட்டையும் எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். மகன் ஊர் திரும்புவது உறுதியில்லை என்றாலும், ஒரு தளம் கூடுதலாகத் தாங்கும்படி கடைக்காலை அமைத்துவிடுமாறு சொல்வேன். கூடும் செலவு, மொத்தத்தில் பெரிதாக இராது. பில்லர் கம்பிகளை மொட்டை மாடிக்கு மேல் நீட்டி, மழைக்கும் வெயிலுக்கும் அப்படியே விட்டுவிடுவது மட்டும் வேண்டாம். ஆண்டுக்கணக்கில் துருவேறி அவை பயனற்றுப் போகும். நீட்டிய கம்பிக்குச் சிமெண்ட் பால் பூசி, சுற்றிலும் மெலிந்த காங்கிரீட்டால் மூடிவிட்டால், மாடி எடுக்கும் நாளில் அதை உடைத்துவிட்டுக் கம்பியை இணைத்துக்கொள்ளலாம்.